வாய் பேசாத சீவனும் வாய்மை பேச வேண்டிய வணிகனும்

  

விலை கொடுத்து வாங்கும் பொருள்கள் யாவற்றிலும் மிகுந்த அவதானம் வேண்டுவது உயிருள்ள பிராணியை வாங்கும்போதுதான். நெல்லைக் கையில் அள்ளிப் பார்க்கலாம். துணியை வெளிச்சத்தில் விரித்துப் பார்க்கலாம். பொன்னை உரைத்துப் பார்க்கலாம். ஆனால் ஒரு குதிரையோ, மாடோ, யானையோ தன் நோயைத் தானே எடுத்துரைக்காது. நேற்றிரவு அது எவ்வாறு இருமியது, சென்ற மாரியில் எந்தக் காலை நொண்டியது, எத்தனை பேரை உதைத்தது என்பவற்றை அறிந்தவன் அதனை விற்பவன் ஒருவனே. வாங்குபவனுக்குத் தெரிவது அதன் பளபளக்கும் மேனி மாத்திரமே. ஆகவே பிராணி வணிகத்தின் வரலாறு என்பது, அறிந்தவன் அறியாதவனிடம் எவ்வாறு நடந்துகொண்டான் என்பதன் வரலாறாகும். அந்த நோக்கிலே குதிரை வணிகத்தின் கதையை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகின்றோம்.

பரந்தனில் இருந்துகொண்டு குதிரையைப் பற்றிப் பேசுவதா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பரந்தன் சந்தியிலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் சிறிது தூரம் சென்றால் வருகின்ற இடத்தின் பெயர் என்ன? ஆனையிறவு. வன்னிக் காடுகளிலே பிடிக்கப்பட்ட யானைகளை ஆழமற்ற களப்பின் வழியே இறக்கி, குடாநாட்டுக்குக் கொண்டு சென்ற வழி அது என்பதே வழிவழி வந்த விளக்கம். அந்த யானைகள் யாழ்ப்பாணத்தில் விலை பேசப்பட்டு, ஊர்காவற்றுறையிலிருந்து கப்பலேறி இந்தியாவுக்குச் சென்றன. போர்த்துக்கேயர் அத்துறையை யானைகளின் துறை என்றே தம் மொழியில் வழங்கினர். யானை வெளியே சென்றது; குதிரை உள்ளே வந்தது. தென்னாசியக் கடல் வணிகத்தின் இரு பெரும் பிராணிகள் இவை. அவற்றுள் ஒன்று நம் வாசல் வழியே நடந்து போயிருக்கின்றது.

இலங்கையும் பிராணி வணிகமும்

இலங்கையின் அரசியல் வரலாற்றிலேயே குதிரை வணிகருக்கு ஓர் இடம் உண்டு. கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் அநுராதபுரத்தைக் கைப்பற்றி 22 ஆண்டுகள் ஆண்ட சேனன், குத்திகன் என்ற இரு தமிழர்களை மகாவம்சம் குறிப்பிடுகின்றது. அவர்கள் கப்பலிலே குதிரை கொண்டு வந்த வணிகன் ஒருவனின் மக்கள் என்று அந்நூல் கூறுகின்றது. அவர்கள் நீதியோடு ஆண்டார்கள் என்றும் அதே நூல் சான்று பகர்கின்றது. எதிரியின் ஏட்டிலே நல்ல பெயர் வாங்குவது எளிதான காரியமன்று என்பதை இளைஞர்கள் கவனிக்க வேண்டும்.

குதிரை ஏன் கடல் கடந்து வர வேண்டியிருந்தது? நம் பிரதேசத்தின் வெப்பமும் ஈரமும் உயர்சாதிக் குதிரைக்கு ஒத்து வருவதில்லை. அதற்கேற்ற மேய்ச்சல் நிலமும் இங்கே குறைவு. அரேபியா, பாரசீகம் போன்ற வறண்ட நாடுகளிலே அது செழித்து வளர்ந்தது. ஆதலால் தென்னிந்தியாவின் அரசர்களும் இலங்கையின் அரசர்களும் போர்க் குதிரைக்குக் கடலையே நம்பியிருந்தார்கள். ஐரோப்பியர் காலத்தில் நெடுந்தீவிலே குதிரை வளர்க்கப்பட்டது. அங்குள்ள பழைய குதிரை லாயத்தின் கற்றூண்களை இன்றும் காணலாம். அக்குதிரைகளின் வழித்தோன்றல்கள் கட்டாக்காலிகளாகத் தீவின் வெளியிலே அலைகின்றன. கோடை முற்றும்போது குடிக்க நீரின்றி அவற்றுட் பல மடிந்த செய்திகளும் வந்துள்ளன.

யானையின் கதை இதற்கு மறுதலை. 1283ஆம் ஆண்டு இலங்கை மன்னன் முதலாம் புவனேகபாகு, எகிப்தை ஆண்ட மம்லூக் சுல்தான் கலாவூனுக்குத் தூதனுப்பினான். தன்னிடமுள்ள வணிகப் பொருள்களை எடுத்துரைத்த அம்மடலில் முத்து, மாணிக்கம், கறுவா ஆகியவற்றோடு யானையும் இடம்பெற்றது. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், வன்னியர் தலைவர்களிடமிருந்து திறையாக யானைகளையே பெற்றனர். அவற்றை வாங்குவதற்குக் கோல்கொண்டா முதலிய இடங்களிலிருந்து முஸ்லிம் வணிகர்கள் வந்தனர். யானையின் உயரம் முழக்கணக்கிலே அளக்கப்பட்டு விலை பேசப்பட்டது.

காட்டிலே யானை பிடித்தவர்களிலும் நம்மவர் இருந்தனர். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், 1859இல் வெளிவந்த தமது நூலில் பணிக்கர் என்னும் யானை பிடிகாரரைப் பற்றி விரிவாக எழுதியுள்ளார். வடக்கிலும் வடகிழக்கிலுமிருந்த முஸ்லிம் கிராமங்களைச் சேர்ந்த அவர்கள், அடிச்சுவடு பார்த்தே யானையைத் தொடர்ந்து சென்று, தோற்கயிற்றுச் சுருக்கை அதன் காலிலே மாட்டும் வல்லமை பெற்றிருந்தார்கள் என்று அவர் வியக்கின்றார். அந்தத் துணிவு நமது பாட்டன்மாரின் சொத்து. ஆனால் துணிவு வேறு, வாய்மை வேறு. பிடிப்பதற்குத் துணிவு போதும். விற்பதற்கு வாய்மை வேண்டும்.

காயல் துறையின் கணக்கு

குதிரை வணிகத்தின் உச்சத்தைக் காண்பதற்கு மன்னார்க் குடாவின் அக்கரைக்குச் செல்ல வேண்டும். தாமிரபரணி கடலோடு கலக்கும் இடத்திலே காயல் என்றொரு துறைமுகம் இருந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டை மாறவர்மன் குலசேகரன் ஆண்டபோது, ஹோர்முஸ், கீஷ், ஏடன் ஆகிய துறைகளிலிருந்து குதிரை ஏற்றி வரும் கப்பல்களெல்லாம் அங்கே தரித்தன என்று வெனிஸ் நகரப் பயணி மார்க்கோ போலோ எழுதுகின்றார். பாரசீகக் குடாவிலுள்ள கீஷ் தீவின் அதிபதி ஜமாலுத்தீன் இக்குதிரைகளை அனுப்பினார். அவரது சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டிய நாட்டிலே இருந்து, அரசனின் அமைச்சராகவும் துறைமுகங்களின் பொறுப்பாளராகவும் விளங்கினார்.

அந்த ஒப்பந்தத்தின் விவரங்களைப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் பதிவு செய்துள்ளார். ஆண்டுதோறும் ஜமாலுத்தீனின் குதிரைகள் 1,400 அனுப்பப்பட வேண்டும். குதிரை ஒன்றின் விலை 220 செம்பொன் தீனார். அதாவது இந்த 1,400 குதிரைக்கு மாத்திரம் 3,08,000 தீனார். அதற்கு முன்னைய காலத்தில் பாரசீகக் குடாவின் எல்லாத் துறைகளிலுமிருந்து பாண்டிய நாடு, கம்பாயத்து முதலிய இடங்களுக்கு ஆண்டொன்றுக்கு 10,000 குதிரைகள் சென்றன என்றும், அவற்றின் மொத்தப் பெறுமதி 22 இலட்சம் தீனார் என்றும் அவர் கூறுகின்றார்.

இதிலே ஒரு நிபந்தனை நம் சிந்தனைக்குரியது. கடலிலே குதிரை காயமுற்றாலும், இறந்தே போனாலும், அதன் விலையை அரச கருவூலம் செலுத்த வேண்டும். நமது ஷாபிஈ மத்ஹபின் பொதுவிதி யாது? விற்ற பொருள் வாங்குபவனின் கைக்கு வந்து சேரும்வரை அதன் இழப்பு விற்றவனையே சாரும் என்பதாகும். இங்கோ, கரை சேராத குதிரைக்கும் வாங்குபவனே பொன் கொடுத்தான். குதிரையின்றிப் படையில்லை, படையின்றி அரசில்லை என்ற நிலையிலிருந்த ஒருவன், வணிகர் கேட்டதற்கெல்லாம் இணங்கியிருக்கின்றான். தேவையின் நெருக்கடியில் இருப்பவன் பேரம் பேசுவதில்லை.

கரை சேர்ந்த குதிரைகளுக்கு நேர்ந்ததென்ன? அரசனும் அவனது சகோதரர்களும் ஆண்டொன்றில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளை வாங்கினார்கள் என்றும், ஆண்டு முடிவில் நூறு கூட மிஞ்சவில்லை என்றும் மார்க்கோ போலோ எழுதுகின்றார். வறுத்த தானியமும் நெய் கலந்த உணவும் காய்ச்சிய பாலும் கொடுத்து, நாற்பது நாள் முளையிலே கட்டிக் கொழுக்க வைத்து, பின்னர் பயிற்சியில்லாமலே ஏறி ஓட்டினார்கள் என்று வஸ்ஸாஃப் வருந்துகின்றார். எவ்வளவு வலிய குதிரையும் சில நாளிலே சோம்பி, நலிந்து, பயனற்றுப் போயிற்று. இலாடம் அடிப்பதற்கும் குதிரைக்கு வைத்தியம் பார்ப்பதற்கும் அறிந்தவர் அந்நாட்டிலே இல்லை.

மார்க்கோ போலோ இன்னொன்றையும் சொல்கின்றார். குதிரை கொண்டு வந்த வணிகர்கள் அத்தகைய தொழிலாளரைத் தம்மோடு அழைத்து வரவில்லை. வர விரும்பியவரையும் தடுத்தார்கள். ஏனெனில் குதிரைகள் விரைவில் இறந்தாற்றான் அடுத்த ஆண்டு மீண்டும் விற்பனை நடக்கும்! இது ஓர் அந்நியப் பயணியின் குற்றச்சாட்டு. வணிகர் தரப்பின் பதில் நம்மிடம் இல்லை. எனினும் இதனை மறைத்துவிட்டு, நம் முன்னோர் கப்பலோட்டிய பெருமையை மாத்திரம் பேசுவது முறையாகாது. 220 தீனார் பெற்றுக்கொண்டு ஒரு குதிரையை விற்பவன், அதற்கு என்ன தீனி போட வேண்டும், குளம்பை எவ்வாறு பேண வேண்டும் என்ற இரண்டு வார்த்தைகளைச் சொல்லாமல் விடுவானாயின், அவன் பொய் சொல்லவில்லைதான். ஆனால் அவன் உண்மையும் சொல்லவில்லை. ஒப்பந்தம் நிறைவேறியது. அமானிதம் நிறைவேறியதா?

1311இல் மாலிக் கபூரின் படை மதுரையைச் சூறையாடியபோது, எஞ்சியிருந்த குதிரைகளும் யானைகளும் பொன்னும் டில்லிக்குக் கொண்டு செல்லப்பட்டன. எத்தனையோ இலட்சம் தீனார் கொடுத்து வாங்கிய படைப்பலம் பாண்டிய அரசைக் காக்கவில்லை. வாங்கியவன் பேண அறியாதிருந்தால் வாங்கிய பொருள் அவனுடையதாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கயிறு மாறிய பின்னர்

நம் அயலவராகிய சைவப் பெருமக்கள் போற்றும் மாணிக்கவாசகரின் வரலாறும் குதிரை வாங்கும் கதையிலேதான் தொடங்குகின்றது. பாண்டிய மன்னன் தன் அமைச்சரிடம் பெரும் பொருள் கொடுத்து, கடற்றுறைக்கு வந்திருக்கும் குதிரைகளை வாங்கி வர அனுப்புகின்றான். அப்பொருள் திருப்பெருந்துறைக் கோயிற்பணியிலே செலவாகிவிடுகின்றது. பின்னர் நரிகள் குதிரைகளாகி மதுரைக்கு வருகின்றன. இரவிலே அவை மீண்டும் நரிகளாகி, லாயத்திலிருந்த பழைய குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடிவிடுகின்றன.

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் இவ்விடத்திலே ஒரு சந்தை வழக்கம் வருகின்றது. அதுதான் கயிறு மாறுதல். விற்பவன் குதிரையின் கயிற்றை வாங்குபவனின் கையிலே கொடுக்கின்றான். கயிறு கை மாறிய பின் அப்பிராணிக்கு நேர்வது எதற்கும் விற்றவன் பொறுப்பல்ல. சமய நோக்கிலே அக்கதையின் பொருள் அவர்களுக்குரியது. நாம் அதிலே காண்பது அக்காலச் சந்தையின் சட்டத்தை. காலையில் குதிரையாக நின்றது இரவில் நரியாக மாறினாலும் கேட்க வழியில்லை! வாங்குபவனே விழித்திருக்க வேண்டும் என்பதே அச்சட்டத்தின் சாரம்.

மதீனாவின் குதிரைகள்

அன்பார்ந்தவர்களே! கயிறு மாறியதும் பொறுப்பு அறுந்துவிடும் என்ற வழக்கத்துக்கு எதிரே, இஸ்லாமிய வரலாறு நான்கு குதிரைகளின் கதைகளை நமக்குத் தந்திருக்கின்றது.

முதலாவது குதிரையை வாங்கியவர் அண்ணல் நபி (ஸல்) அவர்கள். கிராமப்புற அரபி ஒருவரிடம் விலை பேசி முடித்து, பணம் பெற்றுக்கொள்ளுமாறு அவரை அழைத்துக்கொண்டு முன்னே நடந்தார்கள். அவர் பின்னே மெதுவாக வந்தார். விற்பனை முடிந்ததை அறியாத சிலர் வழியிலே அக்குதிரைக்கு விலை கேட்டார்கள். உடனே அவரது மனம் மாறிற்று. விற்றதை மறுத்து, சாட்சி கொண்டு வருமாறு நபியவர்களிடமே கேட்டார். குஸைமா (ரழி) அவர்கள் முன்வந்து சாட்சி கூறினார்கள். பேரம் நடந்தபோது அவர் அங்கே இருக்கவில்லை. நபியவர்களின் வாய்மையை அறிந்திருந்ததே அவரது சாட்சியத்துக்கு ஆதாரம். அவரது சாட்சியம் இருவரின் சாட்சியத்துக்குச் சமமாக்கப்பட்டது. இந்நிகழ்ச்சியில் இன்னொன்றையும் நாம் காண வேண்டும். மதீனாவின் தலைவரிடம் ஒரு சாதாரண மனிதர் சந்தைவெளியிலே நின்று சாட்சி கேட்க முடிந்தது. அவரை யாரும் அடிக்கவுமில்லை, சிறையிடவுமில்லை.

இரண்டாவது குதிரை உமர் (ரழி) அவர்களுடையது. கலீபாவாக இருந்த காலத்திலே ஒருவரிடம் குதிரை ஒன்றை விலை பேசினார்கள். ஓட்டம் பார்ப்பதற்காக ஓட்டியபோது அது காயமுற்றது. கலீபா அதனைத் திருப்பிக் கொடுக்க விரும்பினார்கள். உரிமையாளர் ஏற்க மறுத்தார். இருவரும் ஷுரைஹ் என்பவரை நடுவராக ஏற்றனர். எடுத்தபோது நலமாக இருந்த பிராணியை, ஒன்றில் நீங்களே வைத்துக்கொள்ள வேண்டும், அன்றேல் எடுத்தபடியே நலமாகத் திருப்பித் தர வேண்டும் என்று அவர் கலீபாவுக்கு எதிராகவே தீர்ப்பளித்தார். தீர்ப்பைக் கேட்ட உமர் (ரழி) அவர்கள் கோபிக்கவில்லை. அவரையே கூபா நகரின் காழியாக நியமித்தார்கள் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

மூன்றாவது குதிரை வியப்பிலும் வியப்பானது. ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரழி) அவர்களின் பணியாள் ஒரு குதிரையை 300 திர்ஹத்துக்கு விலை பேசி, உரிமையாளரையும் அழைத்து வந்தார். குதிரையைப் பார்த்த ஜரீர் (ரழி), இதன் பெறுமதி அதைவிட அதிகம் என்று விற்பவரிடமே சொன்னார்கள். நானூறுக்குத் தருவீரா என்று கேட்டு, படிப்படியாக விலையைத் தாமே உயர்த்தி, இறுதியில் 800 திர்ஹம் கொடுத்து வாங்கினார்கள். எல்லா முஸ்லிமுக்கும் நலம் நாடுவதாக நபியவர்களிடம் உறுதிமொழி அளித்திருப்பதையே அதற்குக் காரணமாகக் கூறினார்கள். காயல் துறையிலே விற்பவன் அறிந்திருந்தான், வாங்குபவன் அறியவில்லை. இங்கே வாங்குபவர் அறிந்திருந்தார், விற்பவர் அறியவில்லை. அறிவு எப்பக்கம் இருந்தாலும் அதனைப் பொதுவில் வைக்க வேண்டும் என்பதே ஜரீர் (ரழி) அவர்கள் காட்டிய வழி.

நான்காவது குதிரையை உமர் (ரழி) அவர்கள் அறவழியிலே ஒருவருக்குத் தானமாகக் கொடுத்திருந்தார்கள். அவர் அதனைச் சரியாகப் பேணவில்லை. மலிவாகக் கிடைக்குமென்று எண்ணி, அதனைத் திரும்ப வாங்க உமர் (ரழி) விரும்பினார்கள். ஒரு திர்ஹத்துக்குக் கிடைத்தாலும் வாங்க வேண்டாமென்று நபியவர்கள் தடுத்துவிட்டார்கள். மலிவு என்பது மாத்திரம் ஒரு பொருளை வாங்குவதற்குப் போதிய காரணமாகாது.

இவற்றிலிருந்தும் இவை போன்ற பிற நபிமொழிகளிலிருந்தும் நமது இமாம்கள் வணிகச் சட்டத்தை வகுத்தார்கள். பேசிய இடத்தை விட்டு இருவரும் பிரியும்வரை எவரும் விலகிக்கொள்ளலாம். மூன்று நாள் வரை யோசிக்க நிபந்தனை இட்டுக்கொள்ளலாம். விற்கும்போதே இருந்த குறை பின்னர் வெளிப்பட்டால் திருப்பிக் கொடுக்கலாம். பால் அதிகம் என்று காட்டுவதற்காகச் சில நாள் கறக்காமல் மடியைப் பெருக்க வைத்து விற்பதைத் தடுத்து, ஏமாந்தவர் பிராணியைத் திருப்பிக் கொடுக்க மூன்று நாள் தவணையும் தந்த மார்க்கம் இது. கயிறு கை மாறலாம்; பொறுப்பு அத்தோடு அறுந்துவிடாது.

பார்த்து வாங்கும் முறை

விற்பவன் உண்மை பேச வேண்டும் என்பதால் வாங்குபவன் கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று பொருளன்று. தமிழகத்தின் ஈரோடு மாவட்டத்தில் அந்தியூர் குருநாதசுவாமி கோயிலின் ஆடித் திருவிழாவிலே இக்காலத்திலும் குதிரைச் சந்தை கூடுகின்றது. அங்கு வருவோர் குதிரையின் உடலிலுள்ள மயிர்ச் சுழிகளைப் பார்த்து நன்மை தீமை கணிப்பர். சுழி குதிரையின் உடல்நலத்தைச் சொல்லாது. பல்லும் காலும் மூச்சும்தான் சொல்லும்.

குதிரையின் வயதைப் பல் காட்டும். இரண்டரை வயதளவில் நடு முன்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைக்கும். அடுத்தவை மூன்றரையிலும், ஓரத்துப் பற்கள் நாலரையிலும் வரும். ஐந்து வயதிலே வாய் நிறைந்துவிடும். பின்னர் பல்லின் மேற்குழிகள் தேய்ந்து மறையத் தொடங்கும். கிழக் குதிரையை இளங்குதிரையாகக் காட்ட, பல்லிலே குழி தோண்டிக் கருக்கும் மோசடியும் உலகிலே உண்டு. எனவே பல்லை மாத்திரம் நம்பலாகாது. நான்கு குளம்புகளையும் தூக்கிப் பார்க்க வேண்டும். வெடிப்பும் துர்நாற்றமும் நோயின் அடையாளம். மணலிலே நடப்பதைப் பார்த்து ஏமாறாமல், கடினமான தரையிலே மெல்லோட்டம் ஓடச் செய்ய வேண்டும். முன்காலில் நோவிருந்தால் அந்தக் கால் தரையில் படும்போது தலையை உயர்த்தும். ஓடி நின்ற பின் விலாவைக் கவனிக்க வேண்டும். மூச்சு நெடுநேரம் அடங்காவிட்டால் நெஞ்சிலே நோயுண்டு. கண்ணெதிரே கையை அசைத்துப் பார்வையைச் சோதிக்க வேண்டும். இயன்றால் சொல்லாமற் கொள்ளாமல் இன்னொரு நாள் சென்று, அது தொழுவத்தில் எவ்வாறு நிற்கின்றது என்று காண வேண்டும். சந்தை நாளுக்கென்று மருந்து கொடுத்து அடக்கி வைத்த குணம் மறுநாள் வெளிப்பட்டுவிடும்.

பரந்தனில் நீங்கள் குதிரை வாங்கப் போவதில்லை. பசு வாங்குவீர்கள். பழைய மோட்டார் சைக்கிள், உழவு இயந்திரம், முச்சக்கரவண்டி வாங்குவீர்கள். முறை ஒன்றேதான். பசுவாயின், விற்பவர் கறக்கும்போது கூட நின்று, காலையும் மாலையும் பாலளவைக் காணுங்கள். வண்டியாயின், எஞ்சின் சூடேறுமுன் முடுக்கிப் பாருங்கள். மேட்டிலே ஏற்றிப் பாருங்கள். தெரியாவிட்டால் தெரிந்த ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். இலாடக்காரன் இல்லாமல் குதிரை வாங்கிய பாண்டியனின் கதி உங்களுக்கு வேண்டாம்.

யாருடைய பொருள்?

வன்னியிலே பொருள் வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்வி இன்னொன்று உண்டு. இது யாருடையது? 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, வீட்டையும் கடையையும் கட்டிய மாட்டையும் விட்டுவிட்டே சென்றார்கள். 2008, 2009ஆம் ஆண்டுகளின் போரிலே பரந்தனும் கிளிநொச்சியும் வெறிச்சோடியபோது, நம் தமிழ்ச் சகோதரர்களும் தம் மந்தைகளைக் காட்டிலே விட்டுவிட்டு உயிரைக் காத்துக்கொள்ள ஓடினார்கள். உரியவர் இல்லாத மாட்டைப் பிடித்து விற்பவனும், குறியைப் பார்த்தும் பாராதவன்போல் வாங்குபவனும், இழந்தவனின் கண்ணீரிலே பங்கு கொள்கின்றார்கள். இழப்பின் வலியை அனுபவித்த நாமே பிறர் இழப்பிலே மலிவு தேடலாமா?

ஆகவே பெற்றோர்களே, பிராணி வாங்கும்போது அதன் உடலிலுள்ள சுட்ட குறி விற்பவருடையதுதானா என்று பாருங்கள். கிராம அலுவலரின் உறுதிப்பத்திரத்தைக் கேளுங்கள். வண்டியாயின் பதிவுப் புத்தகத்தின் இலக்கத்தை எஞ்சினிலும் அடிச்சட்டத்திலுமுள்ள இலக்கங்களோடு ஒப்பிடுங்கள். பத்திரம் இல்லை, அதனால்தான் விலை குறைவு என்று ஒருவர் சொன்னால், அந்த விலை குறைவுக்கு வேறொருவர் தம் உடைமையைக் கொடுத்திருக்கின்றார் என்று விளங்கிக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளின் கண்முன்னே

வாய்மையைப் பிள்ளைகள் பாடப் புத்தகத்தில் மாத்திரம் படிப்பதில்லை. தந்தை பழைய வண்டியை விற்கும்போது அருகிலே நின்று படிக்கின்றார்கள். மழை நாளில் இந்த வண்டி முடுக்குவது கடினம், சென்ற ஆண்டு ஒருமுறை விழுந்திருக்கின்றது என்று தந்தை தானாகவே சொல்லி, அதற்காக ஐயாயிரம் ரூபாய் குறைவாகப் பெற்றுக்கொள்வதைக் காணும் மகன், அந்த ஐயாயிரத்தை ஆயுள் முழுவதும் மறக்க மாட்டான். வாங்குபவர் தமிழராயினும் சிங்களவராயினும் முஸ்லிமாயினும் அந்தச் சொல் மாறக் கூடாது. சந்தையிலே ஒரு சமூகத்துக்குக் கிடைக்கும் பெயர், அதன் ஒவ்வொரு மனிதனும் மறைத்த குறையாலும் சொன்ன குறையாலும் சிறுகச் சிறுகக் கட்டப்படுவது.

இளைஞர்களே! நீங்கள் முதன்முதலாக ஒரு பொருளை விற்கப் போகும்போது, அதன் குறைகளை ஒரு தாளிலே எழுதிக்கொண்டு செல்லுங்கள். விலை பேசுமுன் அதனை வாங்குபவரிடம் வாசித்துக் காட்டுங்கள். ஒருவர் வாங்காமற் போகலாம். இரண்டாமவர் விலையைக் குறைக்கலாம். மூன்றாமவர் உங்களை நம்பி வாங்குவார். அடுத்த முறையும் உங்களையே தேடி வருவார். வாங்கிச் செல்பவருக்கு அதனைப் பேணும் முறையையும் சொல்லிக் கொடுங்கள். காயல் துறையிலே சொல்லப்படாமற் போன வார்த்தைகள் அவையே.

நம் கொடுக்கல் வாங்கல்களில் வல்ல இறைவன் பரக்கத் செய்வானாக! நம் நாவை உண்மையின்பால் உறுதிப்படுத்துவானாக!